தேன்சிட்டும் சிலந்தி வலையும்

வீட்டுத் தோட்டத்திற்கு ஹம்மிங் பறவைகளை வரவழைப்பது எப்படி என்று கேட்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். மாடியில் தொட்டிச் செடிகள் வளர்ப்பவர்கள், அடுக்குமாடி வீட்டின் பால்கனியைப் பசுமையாக்க முனைபவர்கள், பணி ஓய்வுக்குப் பின் தோட்டக்கலையில் நாட்டம் கொண்டவர்கள் எனப் பலரிடமிருந்தும் இக்கேள்வி வருகிறது. அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி சற்று ஏமாற்றம் தரக்கூடியது. இந்தியாவில் ஹம்மிங் பறவை கிடையாது.

ரீங்காரச் சிட்டு என்றும் ஓசனிச்சிட்டு என்றும் தமிழில் குறிக்கப்படும் அப்பறவைக் குடும்பத்தில் ஏறத்தாழ 360 இனங்கள் உள்ளன. அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களுக்கும் அவற்றை அடுத்த தீவுகளுக்கும் உரியவை. வடக்கே அலாஸ்கா முதல் தெற்கே தென் அமெரிக்காவின் கடைமுனை வரை அவை பரவியிருக்கின்றன. ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவற்றின் உறவினத்தின் எலும்புகள் ஜெர்மனியில் கிடைத்துள்ளன என்பது வியப்பான செய்திதான். ஆயினும் இன்று அட்லாண்டிக் பெருங்கடலுக்கு இப்பால் இயற்கையாக வாழும் ஹம்மிங் பறவை ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் கைப்பேசியில் படம் எடுத்து, ‘எங்கள் வீட்டிற்கு ஹம்மிங் பறவை வந்தது’ என்று மகிழ்ச்சியோடு அனுப்புகிறார்களே, அது என்ன? பட்டப்பகலில் பூவின் முன் அந்தரத்தில் நின்று, நீண்ட உறிஞ்சு குழலை நீட்டித் தேன் பருகும் ஒருவகை அந்துப்பூச்சியாக அது இருக்கலாம். அப்பூச்சியைப் பார்த்துப் பறவை என்று மயங்குவது உலகெங்கும் நிகழ்வதே. பெரும்பாலும், அது நம் தேன்சிட்டு.

தேன்சிட்டுக்கும் ஹம்மிங் பறவைக்கும் நெருங்கிய உறவு ஏதும் இல்லை. இரண்டும் பூந்தேனை நாடியதால், இரு வேறு நிலப்பகுதிகளில், இரு வேறு வழிகளில் ஒன்றையொன்று ஒத்த தோற்றத்தை அடைந்தன. ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களில் வாழும் தேன்சிட்டுக் குடும்பம் 150 இனங்களை ஒட்டியது. தில்லியில் வீட்டுத் தோட்டங்களில் காணப்படுவது ஊதாத் தேன்சிட்டு. நிழலில் கரிக்கட்டை போலத் தோன்றும் ஆண் பறவை, வெயிலில் திரும்பியதும் ஊதாவும் நீலமும் பச்சையுமாக மின்னும். பெங்களூரு, மும்பை, கொல்கத்தா ஆகிய நகரங்களில் அதனோடு, மஞ்சள் வயிறு கொண்ட ஊதாப்பிட்டுத் தேன்சிட்டையும் காணலாம். தெற்கே நீண்டு வளைந்த அலகோடு காணப்படும் லோட்டன் தேன்சிட்டு, 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டன் என்பவரின் பெயரைத் தாங்கியது. வடகிழக்கு மாநிலங்களிலும் இமயமலை அடிவாரத்திலும் வாழ்பவர்களுக்குச் செந்நிறத் தேன்சிட்டைக் காணும் பேறு உண்டு. பத்துக் கிராம் எடைகூட இல்லாத இப்பறவைகள் நம் ஜன்னலோரத்திலேயே இருக்க, இல்லாத பறவைக்காக நாம் ஏங்கவேண்டியதில்லை என்பதே எமது கருத்து.

ஏங்குவதோடு நின்றிருந்தால் தீங்கில்லை. அமெரிக்க வீடுகளில் ஹம்மிங் பறவைக்காகத் தொங்கவிடப்படும் சிவப்பு நிறப் பிளாஸ்டிக் புட்டிகள் இன்று நம் நாட்டு இணையக் கடைகளிலும் கிடைக்கின்றன. சர்க்கரை நீர் நிரப்பித் தொங்கவிட்டால் பறவை தானே வரும் என்பது வாங்குபவரின் நம்பிக்கை. இதில் அடிப்படையான ஒரு பொருத்தக்கேடு இருக்கிறது. ஹம்மிங் பறவை நொடிக்குப் பல பத்து முறை சிறகடித்து, காற்றில் அசையாமல் நின்றபடியே பருகும். பெரும்பாலான நேரங்களில் அதற்குக் கால் ஊன்ற இடம் தேவையில்லை. தேன்சிட்டோ பூவின் காம்பிலோ அருகிலுள்ள கிளையிலோ அமர்ந்து, தலைகீழாகத் தொங்கியேனும் பருகும் பறவை. சில கணங்கள் அந்தரத்தில் நிற்க அதற்கும் தெரியும். ஆனால் அதுவே அதன் வழக்கமன்று. காலூன்றும் கம்பி இல்லாத புட்டி அதற்கு உகந்ததன்று. பூச்செடியைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்த வேறுபாடு நினைவில் இருக்க வேண்டும். பூவுக்கு அருகே உறுதியான தண்டோ கிளையோ உள்ள செடியே தேன்சிட்டுக்கு ஏற்றது.

கம்பி பொருத்திய புட்டியை வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். பறவை வரக்கூடும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்து வீடுகளில் வைக்கப்படும் சர்க்கரை நீரை அங்குள்ள தேன்சிட்டுகள் பருகத்தான் செய்கின்றன. ஆனால் நம் கோடையை எண்ணிப் பார்க்க வேண்டும். நாற்பது டிகிரி வெயிலில் சர்க்கரை நீர் ஒரே நாளில் புளிக்கத் தொடங்கும். புட்டியின் மூலைகளில் பூஞ்சை படரும். எறும்புகளும் குளவிகளும் மொய்க்கும். ஒரு வாரம் ஆர்வத்தோடு மாற்றுபவர், பள்ளி விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது புட்டியை அப்படியே விட்டுச் செல்வார். கெட்டுப்போன இனிப்பு நீர் பட்டினியைவிடக் கேடானது. படுக்கையில் இருக்கும் முதியவர் ஒருவர் ஜன்னல் வழியே பறவையைக் காண வேண்டும் என்ற காரணத்திற்காக வைப்பவரை நாம் குறைகூற மாட்டோம். அவர்கள் ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர் என்ற அளவைக் கடைப்பிடிக்கட்டும். நிறப்பொடி, வெல்லம், கடைத் தேன் எதையும் சேர்க்க வேண்டாம். கோடையில் நாள்தோறும் வெந்நீரால் கழுவி மாற்ற இயலும் என்றால் மட்டும் தொடங்கலாம்.

ஆனால் நாம் சொல்ல விரும்பும் செய்தி சர்க்கரையின் அளவைப் பற்றியதன்று. பெயரே நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது. தமிழில் இது தேன்சிட்டு. இந்தியில் இதற்கு ‘ஷக்கர்கோரா’ என்று பெயர். சர்க்கரை உண்பவன் என்று பொருள். இரு பெயர்களும் பறவையின் வாழ்வில் பாதியை மட்டுமே சொல்கின்றன. பூந்தேன் அதற்குப் பறக்கும் ஆற்றலைத் தருகிறது, அவ்வளவே. முட்டையிலிருந்து வெளிவந்த, கண் திறவாத குஞ்சுக்குத் தசை வளர வேண்டும், இறகு முளைக்க வேண்டும். அதற்கு வேண்டிய புரதம் பூந்தேனில் இல்லை. ஆகவே தாய்ப்பறவை நாள் முழுவதும் சிறு புழுக்களையும் பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்து வந்து ஊட்டுகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த, மேற்குத்தொடர்ச்சி மலையிலும் வடகிழக்கிலும் வாழைப்பூவை நாடித் திரியும் நீண்ட அலகுப் பறவை ஒன்றுக்குச் ‘சிலந்திபிடிப்பான்’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள்.

உணவு மட்டுமன்று, வீடும் சிலந்தியின் கொடைதான். தேன்சிட்டின் கூடு, கிளை நுனியிலோ கம்பியிலோ தொங்கும் ஒரு சிறு பை. பக்கவாட்டில் ஒரு வாயில். வாயிலுக்கு மேல் மழைத்தடுப்பு போல நீட்டிய ஒரு சிறு திண்ணைக்கூரை. மெல்லிய நார், உலர்ந்த புல், மரப்பட்டைத் துணுக்கு, காகிதக் கிழிசல், புழுக்களின் எச்சம் என்று கிடைத்ததையெல்லாம் வைத்துப் பெண் பறவை தானே கட்டுகிறது. உள்ளே மெத்தென்ற பஞ்சுப் படுக்கை. இத்தனை துணுக்குகளையும் பிணைத்து நிறுத்தும் நூல் எது என்றால், சிலந்தி வலைதான். இழுத்தால் நீளும், காற்றில் ஆடினால் அறாது, குஞ்சுகள் பெருக்கும்போது கூட்டோடு சேர்ந்து நெகிழும். வேறெந்த நாரும் அதற்கு ஈடாகாது. சுவர் மூலையிலும் வேலி இடுக்கிலும் வந்து, வலையை அலகில் சுற்றி எடுத்துச் செல்லும் தேன்சிட்டைக் கூர்ந்து கவனிப்பவர்கள் கண்டிருப்பார்கள்.

இனி நம் வீடுகளைப் பார்ப்போம். ஒட்டடை இல்லாத வீடே ஒழுங்கான வீடு என்று வளர்ந்தவர்கள் நாம். வீட்டுக்குள் அது சரி. ஆனால் வெளிச் சுவர், மாடிக் கைப்பிடி, தோட்டத்து வேலி ஆகியவற்றையும் துடைப்பமும் மருந்தும் கொண்டு துப்புரவாக்கிவிட்டு, நடுவில் ஒரு சர்க்கரைப் புட்டியைத் தொங்கவிட்டால், பறவைக்கு நாம் சொல்வது என்ன? ‘வந்து பருகிவிட்டுப் போ, இங்கே குடும்பம் நடத்தாதே’ என்பதுதான். விருந்தினருக்குச் சர்பத் மட்டும் கொடுத்து வாசலிலேயே வழியனுப்பும் உபசாரம் அது. பறவையை வரவேற்பது என்றால் தோட்டத்தின் ஒரு மூலையையாவது ஒட்டடையோடும், சில பூச்சிகளோடும், உதிர்ந்த இலைகளோடும் விட்டுவைப்பது என்பதே எமது உறுதியான எண்ணம். அழகு குறையும் என்று கவலைப்படுபவர்கள் அந்த மூலையைப் பின்பக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

மருந்து தெளிப்பதைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பறவைக்கு ஆசைப்படுபவர்களே அறியாமல் செய்யும் தீங்கு இதில்தான் மிகுதி. தேன்சிட்டுக்காக வைக்கப்படும் செடிகளில் முதலிடம் செம்பருத்திக்கு. செம்பருத்திக்கு வரும் முதல் நோய் மாவுப்பூச்சி. வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல் மொட்டுகளில் படர்ந்ததும், நாற்றங்காலில் கேட்டால் ஒரு சிறு பொட்டலத்தைத் தருவார்கள். இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்துகள் இலைமீது தங்கிவிடுபவை அல்ல; செடியின் சாற்றில் கலந்து வேர் முதல் மொட்டு வரை ஊடுருவுபவை. மகரந்தத்திலும் பூந்தேனிலும்கூட அவை சென்று சேர்கின்றன. பறவையை அழைக்க வைத்த பூவில் நாமே நஞ்சைக் கலந்தது போலாகும். செடியில் உள்ள புழுக்களும் சிலந்திகளும் மடிந்தால் குஞ்சுக்கான உணவும் போயிற்று. மாவுப்பூச்சிக்கு எளிய வழி உண்டு. மிகுதியாகத் தாக்கப்பட்ட நுனிகளைக் கிள்ளி மூடிய பையில் இட்டு அகற்றுங்கள். எஞ்சியதை வலுவான நீர்த்தாரையால் அடியுங்கள். பின் சில நாட்களுக்கு ஒருமுறை மிதமான சோப்பு நீரால் துடையுங்கள். கூடவே எறும்புகளையும் தடுங்கள். மாவுப்பூச்சியின் இனிப்புக் கசிவுக்காக அதனைப் பேணிக் காப்பவை அவைதான். ஒரே நாளில் தீராது. இரண்டு மூன்று வாரப் பொறுமை வேண்டும்.

கொசு ஒழிப்புக்காகக் குடியிருப்புகளில் புகை அடிப்பதை நாம் எதிர்க்கவில்லை. டெங்கு விளையாட்டன்று. ஆயினும் செடிகளுக்குள் புகை அடிப்பதைவிடத் தேங்கிய நீரை அகற்றுவதே கொசுவை வேரறுக்கும். பறவைகளுக்கு நீர் வைக்கும் தட்டும் அந்தக் கணக்கில் சேரும். அன்றாடம் கவிழ்த்துக் கழுவி நிரப்புவது நலம். தேன்சிட்டு அந்தத் தட்டை அவ்வளவாக நாடுவதும் இல்லை. காலையில் குழாய் நீரைச் செடிமீது தூவினால், அகன்ற இலைகளில் தங்கிய ஈரத்தில் உருண்டு குளிப்பதையே அது விரும்பும்.

செடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒற்றை அடுக்குச் செம்பருத்தி, இட்லிப்பூ எனப்படும் வெட்சி, மாதுளை, ஆடாதோடை, முருங்கை, வாழை ஆகியவற்றில் எது கிடைத்தாலும் போதும். இவற்றுள் பெரும்பாலானவை பெரிய தொட்டியிலும் வளரும். அடுக்கடுக்கான இதழ்கள் கொண்ட செம்பருத்தியைத் தவிர்ப்பது நல்லது. இதழ்களின் நெருக்கத்தில் பூந்தேனை எட்டுவது பறவைக்கு எளிதாக இராது. இடவசதி உள்ள குடியிருப்புகளும் பள்ளிகளும் கல்யாணமுருங்கை, முள்ளிலவு, புரசு ஆகிய மரங்களை நடலாம். வட இந்தியாவில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முள்ளிலவும் புரசும் இலையுதிர்த்துச் செம்மலர்களாகவே நிற்கும் வேளையில், தேன்சிட்டுகளின் திருவிழாவைக் காணலாம்.

இவ்விடத்தில் ஒரு விந்தையையும் சொல்லவேண்டும். தில்லி முதல் பெங்களூரு வரை பூங்காக்களிலும் சாலை ஓரங்களிலும் செம்மஞ்சள் நிறக் குழல் பூக்களோடு வேலியாக நிற்கும் ஹமீலியா செடி, அமெரிக்க வெப்ப மண்டலத்தது. தாயகத்தில் அதன் பூவை நாடி வருவது ஹம்மிங் பறவை. இங்கே அந்த இடத்தை நம் தேன்சிட்டு எடுத்துக்கொண்டது. கல்வாழையும் அமெரிக்காவிலிருந்து வந்ததே, அதன் அறிவியல் பெயரில் ‘இண்டிகா’ என்று இருந்தாலும். பறவை, செடியின் பூர்வீகத்தைக் கேட்பதில்லை. நாம் கேட்க வேண்டிய செடி ஒன்று உண்டு, அது உண்ணிச்செடி. தேன்சிட்டு அதன் பூவிலும் அமரும் என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்காவிலிருந்து அலங்காரச் செடியாக வந்து நம் காடுகளில் அடித்தளத்தையே விழுங்கிவிட்ட அதனை, பறவையின் பெயரைச் சொல்லி வீட்டில் நட வேண்டாம்.

செடி வைத்தாயிற்று, பறவையும் வந்தது. அதன்பின் வருவதுதான் உண்மையான சோதனை. தேன்சிட்டு மனிதரை அவ்வளவாக அஞ்சுவதில்லை. துணி உலர்த்தும் கொடி, அழைப்புமணியின் கம்பி, தொங்கும் தொட்டி, வாசலில் படர்ந்த காகிதப்பூக் கொடி ஆகியவற்றில் ஆள் உயரத்திலேயே கூடு கட்டிவிடும். முட்டைகள் பெரும்பாலும் இரண்டு. முட்டையிட்டது முதல் குஞ்சு பறப்பது வரை ஏறத்தாழ ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தை நம்மால் விட்டுக்கொடுக்க முடிகிறதா என்பதே கேள்வி.

நாங்கள் குடியிருக்கும் தில்லி வளாகத்தில், சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் மாதத்தில் சுற்றுச்சுவரின் காகிதப்பூப் புதர்கள் ஒரே நாளில் ஒட்ட வெட்டப்பட்டன. ஆண்டுதோறும் நடைபெறும் பராமரிப்புப் பணிதான் அது. யாருக்கும் தீய எண்ணம் இல்லை. வெட்டிய கிளைக் குவியலில் காய்ந்த குப்பை போல் கிடந்த இரண்டு பைகளைக் குழந்தைகள்தான் கண்டெடுத்தார்கள். ஒன்றில் உடைந்த முட்டைகள். மற்றொன்றில் இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள். அவற்றில் ஒன்று மாலை வரை உயிரோடு இருந்தது. பெண் பறவை வெட்டிய இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கூவிக்கொண்டிருந்ததைக் கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வளாகத்தில் அப்போது மூன்று பால்கனிகளில் சர்க்கரை நீர்ப் புட்டிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளுக்கும் கூடுகளுக்கும் இடையூறு செய்வதும் அடங்குகின்றன. துப்பாக்கி ஏந்திக் காட்டுக்குச் செல்பவருக்கு மட்டுமே உரிய சட்டம் என்று நாம் எண்ணியிருக்கிறோம். கத்தரிக்கோல் ஏந்தியவருக்கும் அதில் இடம் இருக்கிறது. தோட்டக்காரர்மீது வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதற்காக இதனைச் சொல்லவில்லை. அவருக்கு நாள் குறித்துக் கொடுப்பவர்கள் குடியிருப்போர் சங்கத்தினர், அதாவது நாமே.

கூட்டைக் கண்டுவிட்டால் செய்ய வேண்டியவை மிகச் சில. கொடியில் துணி உலர்த்துவதை ஒரு மாதம் வேறிடத்திற்கு மாற்றலாம். சுவருக்கு வண்ணம் பூசும் வேலையைத் தள்ளிவைக்கலாம். கூட்டை அகலத் திறந்து படம் எடுப்பதும், அணுகி விளக்கடிப்பதும் கூடாது. நம் நடமாட்டத்தைக் கவனிக்கும் காகத்திற்கு அது வழிகாட்டுவதாகும். கூட்டை ‘பாதுகாப்பான’ இடத்திற்கு மாற்றி வைக்கும் நல்லெண்ணமும் வேண்டாம். தாய் தேடி வருவது கிளையைத்தான். வீட்டுப் பூனையை அந்தப் பக்கம் விடாதிருப்பது நலம்.

ஆண் பறவையைப் பற்றியும் இருவகை ஐயங்கள் எழுகின்றன. கூடு கட்டும் பருவத்தில் அது ஜன்னல் கண்ணாடியையும் காரின் பக்கக் கண்ணாடியையும் மணிக்கணக்கில் கொத்திக்கொண்டிருக்கும். பித்துப் பிடித்ததன்று, தன் பிம்பத்தை எதிரியென்று கருதிப் போரிடுகிறது. கண்ணாடிமீது சில நாட்கள் துணியோ காகிதமோ போர்த்தினால் போர் முடியும். அடுத்த ஐயம், பருவம் முடிந்ததும் ‘அந்தக் கருநீலப் பறவை எங்கே போயிற்று’ என்பது. பெரும்பாலும் எங்கும் போகவில்லை. ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்கக் காலம் கழிந்ததும் பளபளக்கும் இறகுகளை உதிர்த்து, பெண்ணைப் போல மஞ்சள் வயிற்றோடு மாறிவிடும். மார்பின் நடுவே தொண்டையிலிருந்து இறங்கும் ஒரு கருங்கோடு மட்டும் அடையாளமாக எஞ்சியிருக்கும். அந்தக் கோட்டைத் தேடிப் பார்ப்பது, குழந்தைகளுக்குப் பறவை நோக்கலைக் கற்றுத்தர ஒரு நல்ல தொடக்கம்.

வட இந்தியாவில் தேன்சிட்டுகள் பெரும்பாலும் கோடையில் கூடு கட்டுகின்றன. தெற்கே ஆண்டின் பல மாதங்களிலும் கட்டும். ஆகவே எல்லா ஊர்களுக்கும் பொருந்தும் ஒரே நாட்காட்டியைத் தர இயலாது. தில்லி போன்ற நகரங்களில் புதர் வெட்டும் பணியைக் கோடைக்கு முன்பே முடித்துக்கொள்ளவோ, மழைக்காலத்தின் முடிவுக்குத் தள்ளவோ சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். அதற்குச் செலவு ஏதும் இல்லை. மற்ற ஊர்களில், வெட்டும் நாளன்று காலையில் யாரேனும் ஒருவர் புதர்களைச் சுற்றி வந்து பார்க்கட்டும். சிலந்தி வலையில் சிக்கிய குப்பைக் கற்றை போல ஏதாவது தொங்கினால், அந்தக் கிளைக்கு ஒரு துணித்துண்டைக் கட்டிவிட்டு, அதனை விட்டு மற்றவற்றை வெட்டச் சொல்லலாம்.